கணக்கில் வராத அன்பு

பரீட்சை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. தொலைக்காட்சித் தொடர்களுக்கும் ஒவ்வொரு கிழமையும் பரீட்சை நடக்கிறது. எத்தனை வீடுகளில் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்துப் புள்ளி போடுகிறார்கள். புள்ளி கூடினால் விளம்பரம் வரும். விளம்பரம் வந்தால் தொடர் நடக்கும். புள்ளி குறைந்தால் கதை பாதியில் நின்றாலும் கேட்க ஆளில்லை.

அப்படி வருடா வருடம் ‘இந்த முறையோடு சரி’ என்று சொல்லப்பட்டு, எப்படியோ ஐந்து பருவங்கள் ஓடி முடிந்த ஒரு அமெரிக்கத் தொடரைப் பற்றி இந்த மாதம் கதைக்கப் போகிறேன். அதன் பெயர் ‘சக்’. உளவாளிகளை வைத்து எடுத்த நகைச்சுவைத் தொடர். 2007 செப்டெம்பர் 24ஆம் திகதி என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கி, 2012 ஜனவரி 27ஆம் திகதி முடிந்தது. மொத்தம் 91 அங்கங்கள். ஜோஷ் ஸ்வார்ட்ஸ், கிறிஸ் பெடக் என்ற இருவர் உருவாக்கியது. தொடக்கத்தில் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் பார்த்தார்கள். முடியும்போது அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எங்களுக்கு இது பெரிய தொகையாகத் தெரியலாம். அந்த நாட்டுக் கணக்கில் அது தோல்விப் புள்ளி.

அது ஒளிபரப்பான நாட்களில் நான் பார்க்கவில்லை. அந்த வருடங்களில் எங்கள் பகுதிகளில் நாங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாம் முடிந்து சில வருடங்களின் பின், உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த டி.வி.டி. தட்டுகளில், கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை வாசித்து வாசித்துப் பார்த்தேன். இன்றைக்கும் மனம் சரியில்லாத இரவுகளில் அதில் ஒரு அங்கத்தைப் போட்டுப் பார்ப்பேன். ‘இந்த வயதில் இது என்ன விசர் நாடகம் அக்கா?’ என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமென்று கனநாளாக நினைத்திருந்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக் பார்ட்டோவ்ஸ்கி கலிபோர்ணியாவில் பர்பாங்க் என்ற ஊரில் வசிக்கும் இளைஞன். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவன். பரீட்சையில் களவு செய்தான் என்று கூட இருந்த நண்பனே முறையிட்டதால், படிப்பு முடியாமல் துரத்தப்பட்டவன். இப்போது ஒரு பெரிய மின்சாதனக் கடையில் கொம்பியூட்டர் திருத்துகிறான். அக்கா எல்லியின் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறான். ஒருநாள் அந்தப் பழைய நண்பனிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. திறந்தவுடன் ஆயிரக்கணக்கான படங்கள் கண்முன்னே ஓடுகின்றன. அரசாங்கத்தின் இரகசியங்கள் முழுவதும் அந்தப் படங்களில் பொதிந்திருந்தன. மூலக் கணினி அழிந்துவிட்டது. ஆகவே நாட்டின் இரகசியங்கள் மிச்சமிருப்பது இந்தக் கடைப் பையனின் தலைக்குள் மட்டும். அவனைக் காவல்காக்க சி.ஐ.ஏ.யிலிருந்து சாரா வோக்கர் என்ற பெண்ணும், என்.எஸ்.ஏ.யிலிருந்து ஜோன் கேசி என்ற முரட்டு மனிதரும் வருகிறார்கள். சாரா அவனுடைய காதலி போல நடிக்கிறாள். கேசி அதே கடையில் விற்பனையாளராகச் சேர்கிறார். வீட்டில் யாருக்கும் உண்மை தெரியக்கூடாது. இதுதான் கதையின் முடிச்சு.

நம்பக்கூடிய கதையா? இல்லை. ஒரு மின்னஞ்சலைத் திறந்தால் மூளைக்குள் இரகசியம் ஏறாது. அதைப் பற்றி அந்தத் தொடரும் கவலைப்படவில்லை, நானும் கவலைப்படவில்லை. அம்புலிமாமாக் கதையில் வேதாளம் கதைப்பதை நாங்கள் கேள்வி கேட்டோமா?

ஆனால் வேறொரு கேள்வி எனக்குள் இருந்தது. எங்கள் ஊர்களில் ‘புலனாய்வு’ என்பது சிரிப்பு மூட்டுகிற சொல் அல்ல. வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கேட்டவர்களை நாங்கள் மறக்கவில்லை. யார் யாருக்குத் தகவல் கொடுப்பார்கள் என்று தெரியாமல், பக்கத்து வீட்டில்கூட அளந்து கதைத்த வருடங்களை மறக்கவில்லை. துப்பாக்கியைக் கண்டால் நாய்கூட வேலிக்குள் ஒதுங்கும் ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட எனக்கு, ஒற்றர்களையும் துப்பாக்கியையும் வைத்து எடுத்த பகிடி எப்படிப் பிடித்தது?

இரண்டு காரணங்கள் சொல்லலாம். முதலாவது, சக் துப்பாக்கியை விரும்பாதவன். பிற்காலத்தில் அவன் தானும் உளவாளியாகிறான். அப்போதும் ஆட்களை மயங்க வைக்கும் ஊசித் துப்பாக்கியைத்தான் தேடி எடுக்கிறான். மூன்றாம் பருவத்தில் அவனுக்கு ஒரு இறுதிப் பரீட்சை வைக்கிறார்கள். துரோகி என்று காட்டப்படும் ஒருவனைச் சுட்டுக் கொன்றால்தான் அவன் முழு உளவாளி. அவனால் முடியவில்லை. இரகசியமாக வந்த கேசிதான் அந்த மனிதனைச் சுடுகிறார். சக் கொன்றுவிட்டான் என்று நினைத்து சாரா உடைந்துபோகிறாள். கொலை செய்யும் தொழிலில் இருக்கும் பெண், தான் நேசிக்கும் மனிதன் கொலைகாரனாகிவிட்டானோ என்று அழுகிறாள். அவன் செய்யவில்லை என்று பின்னர் தெரியவரும்போது அவளுக்கு உயிர் வருகிறது. ஒரே ஒரு தடவை, அவளைக் காப்பாற்றுவதற்காக, அவன் சுடுகிறான். அதுவும் அவனுக்குப் பெருமை தருவதாகக் காட்டப்படவில்லை.

இரண்டாம் பருவத்தில் நத்தாருக்கு முதல் நாளன்று இன்னொரு காட்சி வரும். கையை உயர்த்திச் சரணடைந்த ஒருவனை சாரா சுடுகிறாள். அவன் உயிரோடு போனால் சக்கின் இரகசியம் வெளியாகிவிடும் என்பது அவளுடைய நியாயம். மறைவில் நின்று சக் அதைப் பார்த்துவிடுகிறான். அன்றைக்குத்தான் அவன் தன்னுடைய தாயின் கைச்சங்கிலியை அவளுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தான். அந்த இடத்தில் நகைச்சுவை நின்றுவிடுகிறது. சரணடைந்தவனைச் சுட்டால் அது ஒரு கொலைதான் என்பதை, சிரிப்புக்காட்டும் ஒரு தொடர் ஒளிக்காமல் காட்டியது. ஒரு பகிடி நாடகத்திடம் இவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது காரணம் எல்லி. நான் இந்தத் தொடரை இவ்வளவு நாளாக விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த அக்காதான். சாரா லங்காஸ்டர் என்ற நடிகை அந்தப் பாத்திரத்தில் நடித்தார்.

எல்லியும் சக்கும் சின்ன வயதாக இருக்கும்போதே தாய் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பின்னர் தகப்பனும் போய்விட்டார். எங்கே, ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லிதான் தம்பியை வளர்த்தாள். தானும் படித்து வைத்தியரானாள். முதற் பருவத்தில் ஒரு விஷயம் சொல்கிறார்கள். உலகம் கொண்டாடும் அன்னையர் தினத்தை இந்த இருவரும் கொண்டாடுவதில்லை. தாய் விட்டுப்போன நாளைத்தான் ‘அன்னையர் தினம்’ என்று ஒவ்வொரு வருடமும் கொண்டாடுகிறார்கள். எங்களை நாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கிய நாள் இது என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இதைக் கேட்டபோது நான் தட்டை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். எங்களில் எத்தனை வீடுகளில் மூத்த பிள்ளை தாயாகிப் போனாள்! பதின்மூன்று வயதில் உலை வைத்தவள், தம்பியின் சப்பாத்துக்காகத் தன் படிப்பை விட்டவள், தங்கையின் கலியாணம் முடிந்த பிறகுதான் கண்ணாடியில் தன் நரையைக் கண்டவள். அவளுக்கென்று எந்தத் தினம் இருக்கிறது?

சக்கை அரசாங்கம் ஒரு பெறுமதியான பொருளாகத்தான் பார்க்கிறது. அவனுடைய தலைக்குள் இருக்கும் இரகசியத்துக்குத்தான் மதிப்பு. ஆனால் அவன் ஒவ்வொரு தடவையும் தப்புவது அந்த இரகசியத்தால் மட்டுமல்ல. பயந்த ஆளிடம் மெதுவாகக் கதைக்கத் தெரியும். பொய் சொன்னவனையும் ஒருமுறை நம்பத் தெரியும். நண்பனை விட்டுவிட்டு ஓடத் தெரியாது. இவற்றை அவனுக்குப் பழக்கியது எந்த உளவுப் பயிற்சியும் அல்ல, எல்லியின் வளர்ப்பு. அந்த அமைப்புகளின் கோப்புகளில் எல்லிக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. கதை முழுவதையும் தாங்கி நிற்பது அவள்தான்.

முதல் அங்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. ஒரு தகப்பன் தன் மகளின் நடன நிகழ்ச்சியைப் படம் பிடித்துவிட்டுக் கடைக்கு வருகிறார். கமெராவில் ஒன்றும் இல்லை. நாடாவே போடாமல் பிடித்திருக்கிறார். சக் அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடையில் தொலைக்காட்சிகள் அடுக்கிய சுவருக்கு முன்னால் இடம் ஒதுக்கி, பிள்ளையை மறுபடி ஆடச் சொல்கிறான். பிள்ளைக்குத் தயக்கம். உயரமாக இருப்பதால் தன்னை எப்போதும் பின்வரிசையில்தான் விடுவார்கள் என்கிறாள். நல்ல நடனக்காரிகள் உயரமானவர்கள்தான் என்று அவன் தேற்றுகிறான். அவள் ஆடுகிறாள், எல்லாத் திரைகளிலும் அவளே தெரிகிறாள். அவனைப் பிடித்துக்கொண்டு போக வந்த சாரா அந்தப் பக்கத்தில் நின்று இதைப் பார்க்கிறாள். ஐந்து பருவக் கதையும் அந்தப் பார்வையில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பின்வரிசையில் விடப்பட்ட ஒரு பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவந்தவனை அவள் கண்டுவிட்டாள்.

இனி அந்தப் புள்ளிக் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் நீல்சன் என்ற நிறுவனம், தெரிவு செய்த வீடுகளில் கருவி பொருத்தி, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பதிவு செய்து, அதிலிருந்து முழு நாட்டுக்குமான கணக்கைப் போட்டது. அதிலும் விளம்பரக்காரர்கள் பெரிதாகப் பார்த்தது 18 முதல் 49 வயது வரையானவர்களைத்தான். உங்கள் வீட்டில் கருவி இல்லையென்றால் நீங்கள் ஒரு தொடரை உயிராகப் பார்த்தாலும் அந்தக் கணக்கில் நேரே வரமாட்டீர்கள். உங்களைப் போன்ற ஒருவர் அந்தத் தெரிவுக்குள் இருந்தால் உண்டு. ஐம்பது தாண்டிய பெண் என்றால் கருவி இருந்தும் பெரிய மதிப்பில்லை.

‘சக்’ தொடருக்கு நேரமும் சரியில்லை. முதற் பருவத்திலேயே திரைக்கதை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் வந்தது. 2007 நவம்பர் முதல் 2008 பெப்ரவரி வரை 100 நாட்கள் நடந்த அந்த வேலைநிறுத்தத்தால் பருவம் 13 அங்கங்களுடன் முடிந்தது. தொடர் மறுபடி வருவதற்குள் மாதக்கணக்கு ஓடிவிட்டது. பின்னர் திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்குப் பெரிய தொடர்களோடு போட்டி போட வேண்டியிருந்தது. 2009 வசந்தத்தில் இது நிற்கப்போகிறது என்று எல்லோரும் எழுதினார்கள்.

அப்போது இரசிகர்கள் ஒரு வேலை செய்தார்கள். கெஞ்சிக் கடிதம் எழுதுவதோடு நிற்கவில்லை. தொடரில் விளம்பரம் செய்த சப்வே என்ற சான்ட்விச் கடையை நினைத்தார்கள். எங்களை யாரும் எண்ணவில்லையா, அப்படியானால் விளம்பரக்காரரே எண்ணட்டும் என்றார்கள். இரண்டாம் பருவத்தின் கடைசி அங்கம் ஒளிபரப்பாகும் நாளில், எல்லோரும் அந்தக் கடைக்குப் போய் ஒரு அடி நீளப் பாண் சான்ட்விச் ஒன்று வாங்குவது, கருத்துத் தாளில் ‘சக் தொடருக்காக வாங்கினோம்’ என்று எழுதிப் போடுவது என்று முடிவு செய்தார்கள். கதாநாயகனாக நடித்த ஸக்கரி லீவை, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் இரசிகர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சான்ட்விச் வாங்கினார். அடுத்த மாதமே அலைவரிசை மூன்றாம் பருவத்துக்குச் சம்மதம் சொன்னது. அந்தச் சான்ட்விச் நிறுவனம் அனுசரணையாளராக வந்தது. முதலில் 13 அங்கங்கள் என்றார்கள். பிறகு 19 ஆக்கினார்கள். அதற்குப் பின் இன்னும் இரண்டு பருவங்கள் நடந்தன.

அந்த நாள் 2009 ஏப்ரல் 27. அந்த மாதம் எங்களுக்கு எப்படிப்பட்டதென்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். உலகத்தின் ஒரு மூலையில் பாணுக்கு நின்றவர்கள் ஒரு கதையைக் காப்பாற்ற நின்றார்கள். இன்னொரு மூலையில் கஞ்சிக்கு நின்றவர்கள் உயிரைக் காப்பாற்ற நின்றார்கள். அந்தத் திகதியை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யாரோடு கோபிப்பது என்று யோசித்தேன். எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் தங்களுக்குப் பிடித்த ஒன்றைக் காப்பாற்ற நின்ற சாதாரண சனங்கள் அவர்கள். கோபம் மெல்லப் போய்விட்டது. கவலை போகவில்லை. இரண்டும் உண்மை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எண்ணப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. முகாம் பதிவு, நிவாரண அட்டை, குடும்ப அட்டை, பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று எத்தனை படிவங்கள்! எங்கள் பெயர் ஏறாத கொப்பி இல்லை. ஆனால் எங்களிடம் இருப்பதை எந்தப் படிவம் கேட்டது? இழந்தவை எத்தனை என்று கேட்டார்கள். எதைப் பார்த்தால் சிரிப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கருவி பொருத்தாத வீடுகளில் இருந்துகொண்டு ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று ஒரு பாணை வாங்கிக் காட்டிய அந்த இரசிகர்களை அதனால்தான் எனக்கு விளங்குகிறது.

அன்று ஒளிபரப்பான அங்கமும் எல்லியின் கலியாண அங்கம்தான். தேவாலயத்தில் கலியாணம் தொடங்கும் நேரத்தில் எதிரிகள் வந்துவிடுகிறார்கள். விருந்து மண்டபத்தில் சண்டை. மணமகளுக்குத் தெரியாமல் நேரத்தை இழுக்க, கடையில் வேலை செய்யும் இரண்டு பேரைப் பாட விடுகிறார்கள். அவர்களுடைய பாட்டைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தேன். ஆனால் சண்டை முடிந்து, பல மாதங்கள் ஆசைப்பட்டு ஒழுங்கு செய்த மண்டபம் நொறுங்கிக் கிடப்பதை எல்லி பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. பிறகு தம்பி கடற்கரையில் அவளுக்கு இன்னொரு கலியாணம் ஒழுங்கு செய்கிறான். மண்டபமும் ஆடம்பரமும் இல்லை. மணலும் நெருங்கியவர்களும்தான். நொறுங்கியதைப் பழையபடி ஆக்க அவனால் முடியவில்லை. கையிலிருந்ததை வைத்து இன்னொன்றைச் செய்தான்.

குறைகள் இல்லையா? நிறைய உண்டு. சாராவை வேண்டுமென்றே அரைகுறை உடையில் சண்டை போட வைப்பார்கள். ஆண்கள் பார்க்க வேண்டுமென்று செய்தது என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இவொன் ஸ்ட்ரஹோவ்ஸ்கி போன்ற நல்ல நடிகைக்கு அது தேவையில்லை. அவருடைய முகமே போதும். அனுசரணை வந்த பிறகு கதைக்குள் சான்ட்விச் புகழ் பாடும் இடங்கள் வெளிப்படையாகத் தெரியும். பிறநாட்டுச் சர்வாதிகாரியைக் காட்டினால் கேலிச் சித்திரமாகத்தான் காட்டுவார்கள். பிற்காலத்தில் மூளைக்குள் ஏறும் அந்த இரகசியத்தைப் பலமுறை அழித்து மறுபடி ஏற்றியதில் கதை களைத்துப்போனது. நேசிக்கிற பிள்ளையின் குறை தாய்க்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் நேசிக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைப் பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. நான்காம் பருவத்தில் எல்லியின் தாய் திரும்பி வருகிறாள். லிண்டா ஹமில்டன் நடித்த பாத்திரம். பிள்ளைகளை வெறுத்துப் போகவில்லை, உளவு வேலைக்காக எதிரியின் கூட்டத்துக்குள் போய் ஏறத்தாழ 20 வருடங்கள் வெளியே வர முடியாமல் இருந்தாள் என்று தெரியவருகிறது. அதற்கு முன் மூன்றாம் பருவத்தில் கேசியின் பழைய வாழ்க்கை தெரியவருகிறது. அவர் இறந்துவிட்டார் என்று நம்பி, வயிற்றில் பிள்ளையோடு தனித்துப்போன ஒரு பெண் இருக்கிறாள். பிள்ளை வளர்ந்து பெரியவளாகிவிட்டது. அவர் உயிரோடு இருப்பது இருவருக்கும் தெரியாது.

காத்திருக்கும் வீடுகளுக்கு இவை இலேசான காட்சிகள் அல்ல. கதையில் கதவு தட்டப்படுகிறது. எங்கள் கதவுகள் இன்னும் தட்டப்படவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய் அந்த அங்கங்களில் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அவரைக் கூப்பிடவில்லை. அவருடைய மகனின் படம் இன்னும் சுவரில் மாலை போடாமல் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்காக அந்தத் தொடருக்கு நன்றி சொல்வேன். திரும்பி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று அது பொய் சொல்லவில்லை. எல்லி சந்தோசப்படுகிறாள், கோபப்படுகிறாள், நம்பமாட்டேன் என்கிறாள். இத்தனை வருடம் தானே தாயாக இருந்தவளுக்கு மறுபடி மகளாக இருக்கத் தெரியவில்லை. வராத வருடங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதை அது மதித்தது.

கடைசி அங்கங்களைப் பற்றி இரசிகர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். சாராவும் சக்கும் கலியாணம் செய்து, வீடு வாங்க ஆசைப்பட்டு, ஒரு வீட்டின் நிலையில் தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருந்தார்கள். பல பெயர்களில் ஊர் ஊராக வளர்ந்த சாராவுக்கு ஒரு வீடு என்பதே பெரிய கனவு. முடிவில் எதிரி அவளுடைய நினைவுகளை அழித்துவிடுகிறான். சக்கோடு வாழ்ந்த ஐந்து வருடங்களும் அவளுக்கு இல்லை. கணவனையே கொல்லும்படி அனுப்புகிறான். அந்த வீட்டு நிலையில் செதுக்கிய பெயர்களைக் கண்டுதான் அவள் தடுமாறுகிறாள்.

முழு நினைவும் திரும்பவில்லை. கடைசிக் காட்சியில் அவள் கடற்கரையில் தனியே இருக்கிறாள். முதல் அங்கத்தில், பயந்துபோன சக்கிடம் என்னை நம்பு என்று அவள் சொன்ன அதே கடற்கரை. இப்போது அவன் வந்து பக்கத்தில் இருந்து, என்னை நம்பு என்று சொல்கிறான். எங்களுடைய கதையைச் சொல் என்று அவள் கேட்கிறாள். அவன் சொல்லத் தொடங்குகிறான். அவள் சிரிக்கிறாள், அழுகிறாள். பிறகு முத்தமிடச் சொல்கிறாள். அதோடு முடிகிறது. நினைவு வந்ததா, இல்லையா? சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு நாள் பார்த்ததற்கு இதுதானா பலன் என்று பலருக்குக் கோபம். எனக்கு இதைவிட நல்ல முடிவு தெரியவில்லை. இழந்தது அப்படியே திரும்பி வந்தது என்று முடித்திருந்தால் அதை நான் நம்பியிருக்கமாட்டேன். எல்லாம் போய்விட்டது என்று முடித்திருந்தால் இன்னொருமுறை பார்த்திருக்கமாட்டேன். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருக்கிறார், பக்கத்தில் இருந்து சொல்கிறார், கேட்பவர் சிரிக்கிறார். எங்கள் வீடுகளில் இதைத்தானே செய்கிறோம்? தகப்பனைக் காணாத பிள்ளைக்கு, உன் அப்பா மாம்பழத்தைத் தோலோடு சாப்பிடுவார், பாம்பைக் கண்டால் மரத்தில் ஏறுவார் என்று சொல்லிச் சொல்லித்தானே அவரை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோம்? பிள்ளைக்கு நினைவு இல்லை. கதை இருக்கிறது. அது சிரிக்கும்போது அவரும் அந்த வீட்டில் கொஞ்ச நேரம் இருக்கிறார்.

தொடர் முடிந்து எட்டு வருடங்களின் பின், 2020 ஏப்ரலில், கொரோனாவால் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, அந்த நடிகர்கள் தங்கள் தங்கள் வீடுகளில் இருந்துகொண்டு பழைய அங்கம் ஒன்றைக் கூடி வாசித்தார்கள். பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்குப் பணம் சேர்ப்பதற்காக. தோல்விப் புள்ளி வாங்கிய ஒரு தொடரைக் கேட்க அப்போதும் ஆட்கள் இருந்தார்கள்.

போரைக் கண்ட பெண்கள் பாரமான கதைகளைத்தான் பார்க்க வேண்டும், எங்களுக்குச் சிரிப்பு ஒத்துவராது என்று சிலர் நினைக்கிறார்கள். சில வேளைகளில் நாங்களே அப்படி நினைத்து, சிரித்துவிட்டுக் குற்றவாளி போல வாயைப் பொத்திக்கொள்கிறோம். சகோதரிகளே, அப்படிப் பொத்த வேண்டாம். இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் எங்களோடு சிரித்து வாழ்ந்தவர்கள்தான். எங்கள் சிரிப்பு அவர்களுக்கு எதிரானதல்ல.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். ஊரில் யாரும் மதிக்காத ஒரு பழைய படம், வானொலியில் கேட்ட ஒரு நாடகம், ஒரு பகிடிக்காரர், பிள்ளைகள் கேலி செய்யும் ஒரு தொடர். அதை ஏன் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காரணத்துக்குள் உங்களுடைய வாழ்க்கையில் ஒரு துண்டு இருக்கும். எனக்கு அது எல்லி. உங்களுக்கு யாரென்று எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு இடம் உண்டு.